சிவப்பு ரிப்பன் கட்டிய கணினி

என்னை யாரும் நலம் விசாரிக்க அழைப்பதில்லை. என் கைப்பேசி அடித்தால் எங்கோ ஏதோ திறக்க மாட்டேன் என்கிறது என்று பொருள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூடப் பக்கத்து இலைக்காரர், "நீங்க கம்ப்யூட்டர் வேலைதானே?" என்று ஆரம்பித்து, பாயசம் வருவதற்குள் தன் மடிக்கணினியின் சகல வியாதிகளையும் சொல்லி முடித்துவிடுவார். டாக்டர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டாம். இருக்கலாம். ஆனால் டாக்டர் சொன்னால் மாத்திரையையாவது வாங்கி விழுங்குகிறார்கள். நான் சொன்னால், அதெல்லாம் வேண்டாம், சும்மா ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள் என்கிறார்கள்.

அந்த வியாழக்கிழமை காலை, பிரிக்பீல்ட்ஸில் என் அடுக்குமாடிக்குக் கீழே உள்ள கடையில் தோசைக்குக் காத்திருந்தபோது அழைத்தவர் கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் மையத்தின் தலைமைத் தாதி. சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள் இரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்பும் இடம் அது. ஒரு சங்கம் நன்கொடையில் நடத்துகிறது. நோயாளிகளின் எடை, இரத்த அழுத்தம், பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் பதிந்து வைக்க ஒரு புரோகிராமைப் பல வருடங்களுக்கு முன் நான்தான் எழுதிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. காசு வாங்காமல் செய்த வேலை ஆயுளுக்கும் நம் தலையில்தான் விடியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

தாதி எதையும் பெரிதுபடுத்திப் பேசுகிறவர் அல்ல. புதிதாக, டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பிரமுகர் கணினி அன்பளிப்புச் செய்திருக்கிறார், நேற்று மாலைதான் திறப்பு விழா, இன்று காலை அதில் என் புரோகிராமைத் திறந்தால் ஏதோ டிரைவர் இல்லை என்று வருகிறது என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் நான் தோசையைச் சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பியிருப்பேன்.

"இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ஒரு அங்கிளோட ரிப்போர்ட்டை அனுப்பணும்க்கா," என்றார். "இல்லாட்டி அவரு டயாலிசிஸ் செய்யாமலே மக கல்யாணத்துக்குப் போயிடுவாரு. போறேன்னு சொல்லிட்டாரு."

தோசை வந்தது. பொட்டலம் கட்டச் சொல்லி எடுத்துக்கொண்டு கொமுட்டர் ரயிலைப் பிடித்தேன்.

மையம் கிள்ளான் லிட்டில் இந்தியாவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு கடைவரிசையின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது நோயாளிகள் அல்ல, ஸ்டிக்கர்கள். நம்மவர்கள் கோயிலில் டியூப் லைட்டின் மேலேயே உபயதாரர் பெயரை எழுதி, வெளிச்சம் பாதி வந்தால் போதும் பெயர் முழுதாகத் தெரிந்தால் சரி என்று வாழப் பழகியவர்கள். அந்தப் பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. மின்விசிறியில் உபயம், நாற்காலியின் முதுகில் உபயம், கழிப்பறைக் கதவின் உட்புறத்தில்கூட உபயம். சுவர்க் கடிகாரத்தில் மணி காட்டும் எண்களுக்குப் பதிலாகக் கொடுத்தவரின் சிரித்த முகம். நேரம் பார்க்க வேண்டியவர்கள் தங்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், வாசலுக்கு நேரே ஒரு தண்ணீர் இயந்திரம். சூடு, குளிர், நடுத்தரம் என்று மூன்று குழாய்கள். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு நாளைக்கு இத்தனை மில்லிதான் தண்ணீர் என்று அளவு உண்டு. நாக்கு வறண்டால் ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டு நாளை ஓட்டுகிறவர்கள் அவர்கள். அவர்கள் படுத்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் நேரே தெரிவது போல அந்த இயந்திரத்தை வைத்திருந்தார்கள். கொடுத்தவரும் இதே டத்தோதான். செலாயாங் மொத்தச் சந்தையில் வெங்காயம், உருளைக்கிழங்கு வியாபாரம் செய்கிறவர். மின்விசிறி, நாற்காலி ஸ்டிக்கர்களிலும் பாதி அவருடையவை. அவருடைய ஸ்டிக்கரில் பெயர், கடையின் பெயர், கைப்பேசி எண் மூன்றும் தங்க நிறத்தில் இருக்கும்.

புதுக் கணினி பதிவு மேசையில் இருந்தது. இருந்தது என்பதைவிட எழுந்தருளியிருந்தது என்றால் பொருத்தம். திரையின் ஓரங்களில் பிளாஸ்டிக் உறை கழற்றப்படவில்லை. மேலே உள்ள சின்னக் காமிராக் கண்ணில் சரியாகப் பார்த்துச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். ஒரு சிவப்பு ரிப்பன் திரைக்குக் குறுக்கே ஓடி, மூலையில் பெரிய பூவாக முடிந்திருந்தது. ரிப்பனைக் கழற்றக் கூடாது என்று சங்கத் தலைவரின் உத்தரவு. டத்தோவின் மனைவி நேற்று வர முடியவில்லையாம், சனிக்கிழமை வந்து பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வாராம்.

நான் புரோகிராமைத் திறந்தேன். பிழைச் செய்தி திரையின் நடுவில், ரிப்பனுக்குப் பின்னால் வந்தது. விரலால் ரிப்பனைத் தூக்கிக்கொண்டு படித்தேன். நீ கேட்கும் டிரைவர் இந்தக் கணினியில் பதிவாகவில்லை என்று சொல்லியது. தாதி, டயாலிசிஸ் இயந்திரத்தின் குழாய்களை அடைக்கும் பிளாஸ்டிக் கவ்வி ஒன்றைக் கொண்டுவந்து ரிப்பனை மேலே தூக்கிக் கவ்வ வைத்தார். அன்று அந்த மையத்தில் நடந்த முதல் புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

டிரைவர் என்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. என் புரோகிராம் ஒரு பக்கம் இருக்கிறது, தகவல்கள் எல்லாம் தரவுத்தளம் என்ற பெட்டிக்குள் இன்னொரு பக்கம் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் நின்று ஒன்று கேட்பதை இன்னொன்றிடம் சொல்லும் சிறிய மென்பொருள்தான் டிரைவர். அது இல்லாவிட்டால் பெட்டியும் பத்திரமாக இருக்கும், புரோகிராமும் நன்றாக இருக்கும், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். பழைய கணினியில் நான் அதைப் போட்டு வைத்திருந்தேன். டத்தோவின் அலுவலகத்திலிருந்து வந்த தொழில்நுட்பக்காரர் வீடு மாற்றுகிறவர்போல என் புரோகிராமையும் தரவுத்தளத்தையும் தூக்கிப் புதுக் கணினியில் வைத்துவிட்டு, படச்சின்னம் திரையில் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். திறந்து பார்க்கவில்லை. திறப்பு விழாவில் திறக்கப்பட்டது ரிப்பன்கூட இல்லை.

சரி, பழைய கணினி எங்கே என்று கேட்டேன். தலைவர் அதை நேற்றே ஒரு தமிழ்ப்பள்ளிக்கு அன்பளிப்புச் செய்துவிட்டார். அதற்கும் ஒரு படம். கொடுப்பதற்கு முன் தொழில்நுட்பக்காரர் உள்ளே இருந்ததை எல்லாம் சுத்தமாக அழித்திருக்கிறார். வாராவாரம் தகவல்களைப் பிரதி எடுக்க நான் ஒரு கறுப்பு டிஸ்க்கை அதோடு இணைத்து வைத்திருந்தேனே, அது? அதையும் வயரோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். சீர்வரிசைத் தட்டில் ஒன்று குறைந்தாலும் பேச்சு வந்துவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ. கொடுக்குமுன் அதில் இருந்ததையும் அழித்துவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் அச்சிட மாட்டார்கள்.

ரிப்போர்ட்டுக்கு உரியவர் மூன்றாவது நாற்காலியில் படுத்திருந்தார். துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். இடது கையிலிருந்து இரண்டு குழாய்கள் இயந்திரத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அவருடைய ஒரே மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை சுங்கைப் பட்டாணியில் கல்யாணம். மனைவி தட்டு சாமான்களோடு முன்னாலேயே போய்விட்டார். இவருடைய நாள்கள் செவ்வாய், வியாழன், சனி. சனிக்கிழமை இங்கே செய்துகொண்டு கிளம்பலாமே என்றால், செய்துகொண்ட அன்று அவருக்கு அழுத்தம் இறங்கிவிடும், கழிப்பறைவரை நடப்பதே பெரிய பாடு. வடக்கே அத்தனை தூரம் போவது நடக்காது. அதனால் சனிக்கிழமை காலை சுங்கைப் பட்டாணியிலேயே ஒரு மையத்தில் செய்துகொண்டு, மதியம் படுத்து எழுந்து, மாலை நலங்குக்கு உட்காருவது என்று ஏற்பாடு. அந்த மையத்தார் ஒன்றுதான் கேட்டார்கள். கடைசி சில வாரங்களின் சிகிச்சை விவரமும் இரத்தப் பரிசோதனை முடிவுகளும் வியாழன் மாலைக்குள் வர வேண்டும், அவர்கள் டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. யார் இரத்தத்தில் என்ன தொற்று இருக்கிறது என்று தெரியாமல் எந்த மையமும் ஊசி குத்தாது.

தாதி பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்துப் பார்த்திருந்தார். மையத்து டாக்டரின் கடிதம் இருந்தால்தான் மறுபடி தருவார்களாம். அவர் வெளிநாட்டில் இருந்தார். தாள் கோப்புகளோ, இனி நம் மையத்தில் காகிதமே இல்லை என்று தலைவர் போன வருடம் பெருமையாக ஒரு பதாகை கட்டிய அன்றே மூட்டையாகப் போய்விட்டன. அந்தப் பதாகை மட்டும் இன்னும் வாசலில் இருக்கிறது.

"கிடைச்சா சந்தோஷம் மேடம்," என்றார் அந்த அங்கிள், படுத்தபடியே. "கிடைக்கலன்னா ஒரு நாள் போடாம போறேன். மனுஷனுக்கு ஒரு நாள்தான் மக கல்யாணம்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தாதி சிரிக்கவில்லை. சனியை விட்டால் இன்றைக்குப் பிறகு அடுத்த செவ்வாய்தான். அதற்குள் உடம்பில் சேரும் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். பல வருடங்களுக்கு முன் ஒருவர் இப்படித்தான் ஒரு விருந்துக்குப் போய்விட்டு மூச்சுத் திணறி வந்தார் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அவர் என்ன ஆனார் என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. பிழைச் செய்திகளோடு கழிந்த என் இத்தனை வருடத்தில், ஒரு பிழைச் செய்தி ஒருவரின் மூச்சோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

உட்கார்ந்து தேடினேன். கணினிக்குள் எந்தெந்த டிரைவர் இருக்கிறது என்று காட்டும் பட்டியல் ஒன்று உண்டு. திறந்தால், நான் கேட்ட டிரைவர் அங்கே ராஜாவாக உட்கார்ந்திருந்தது. தாதிகூட எட்டிப் பார்த்து, இதோ இருக்கிறதே என்றார். இருக்கிறது, ஆனால் நமக்கு இல்லை. என் புரோகிராம் பழைய முப்பத்திரண்டு பிட் வகை. இருக்கும் டிரைவர் அறுபத்து நான்கு பிட் வகை. பெயர் ஒன்று, உருவம் ஒன்று, ஆனால் அந்த வீட்டு ஆள் இந்த வீட்டு வேலைக்கு வர மாட்டார். முப்பத்திரண்டுக்கு வேறு ஒரு பட்டியல் இருக்கிறது. அதைத் திறக்கும் கருவி எந்தக் கோப்புறையில் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பெயரிலேயே அறுபத்து நான்கு என்று எழுதியிருக்கும் கோப்புறைக்குள். அறுபத்து நான்குக்கானது முப்பத்திரண்டு என்று பெயர் கொண்டதற்குள். இதை உருவாக்கிய மகான்களை ஒருநாள் நேரில் பார்த்தால் ஒரே ஒரு கேள்வி கேட்பேன், அவர்கள் வீட்டில் உப்பு டப்பாவில் என்ன இருக்கிறது என்று.

எதிர்பார்த்ததுபோலவே முப்பத்திரண்டின் பட்டியலில் நமக்கு வேண்டிய டிரைவர் இல்லை. வியாதி தெரிந்துவிட்டது. மருந்தும் தெரியும். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து சரியான வகை டிரைவரை இறக்கி நிறுவ வேண்டியதுதான். நிறுவப் போனேன். நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டது.

கணினி டத்தோவின் அலுவலகத்தில் தயாராகி வந்தது. அந்த அலுவலகத்தின் சட்டதிட்டங்களும் கூடவே வந்திருந்தன. கடவுச்சொல் இல்லாமல் எதையும் நிறுவ முடியாது. யூஎஸ்பி துளைகள் பூட்டப்பட்டிருந்தன, ஆகவே தரவுத்தளத்தை என் மடிக்கணினிக்கு எடுத்துக்கொள்ளவும் வழியில்லை. மின்னஞ்சலும் திறக்கவில்லை. வெங்காயத்தின் விலை எதிரிக் கடைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகப் போட்ட பூட்டு அத்தனையும் இப்போது ஓர் அங்கிளின் இரத்தப் பரிசோதனையைக் காவல் காத்துக்கொண்டிருந்தது.

"டத்தோவுக்கு ஒரு போன் போட்டுக் கடவுச்சொல்லைக் கேளுங்கள், பத்து நிமிட வேலை," என்று தலைவருக்குச் சொல்லி அனுப்பினேன்.

தலைவர் வந்தார். நான்கு சங்கங்களுக்குத் தலைவர், நான்குக்கும் ஒரே பூப்போட்ட பாத்தேக் சட்டை. முதலில் ரிப்பனைப் பார்த்தார், பிறகு கவ்வியைப் பார்த்தார், பிறகுதான் என்னைப் பார்த்தார். கணினியை அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். வைஃபை பெட்டியைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தினால் சரியாகுமா என்றார். ஆகாது என்றேன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு உண்மையான விஷயத்துக்கு வந்தார்.

"டத்தோகிட்ட எப்படிம்மா கேக்கறது? நேத்து கொடுத்தாரு, இன்னைக்குக் கெட்டுப் போச்சுன்னு சொன்னா அவரு மனசு நோகாதா?"

கெட்டுப் போகவில்லை, ஒரு கடவுச்சொல்தான் வேண்டும் என்று விளக்கினேன். அவர் காதில் அது ஏறவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு புண்ணியவான் கொடுத்த குளிர்பெட்டியின் கதவு சரியாக மூடவில்லை என்று யாரோ அவரிடமே சொல்லிவிட்டார்களாம். முகம் சுருங்கிப் போன அவர், அடுத்த வருடத்திலிருந்து தன் தர்மத்தை எல்லாம் ரவாங்கில் வேறொரு சங்கத்துக்கு மாற்றிக்கொண்டாராம். அன்றிலிருந்து இந்த மையத்தில் ஒரு விதி. கொடுத்த பொருளில் குறை சொல்லக் கூடாது. அதனால்தான் மணி காட்டாத கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் தண்ணீர் குடிக்கக் கூடாதவர்களுக்கு முன்னால் மூன்று குழாய்கள் பளபளத்தன. இந்த டத்தோ அடுத்த மாதம் ஒரு டயாலிசிஸ் இயந்திரமே தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் போய்க் கடவுச்சொல் கேட்டு அவரை வருத்தப்படுத்துவதா?

ஒரு விதத்தில் தலைவரின் பயம் எனக்குப் புரிந்தது. அந்த இயந்திரம் வந்தால் இன்னும் சிலருக்கு இடம் கிடைக்கும். ஆனால் இப்போது இருப்பவரை இழந்துவிட்டு வரப்போகிறவருக்கு இடம் பார்க்கும் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

தலைவர் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். டத்தோவுக்குத் தெரியாமல் கடவுச்சொல்லை வாங்க மதியம்வரை பாடுபட்டார். தொழில்நுட்பக்காரரை அழைத்தார், அவர் எடுக்கவில்லை. டத்தோவின் அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் மாமாவை அழைத்தார். மாமா அந்தப் பெண்ணின் அம்மாவை அழைத்தார். அம்மாவிடமிருந்து பதில் வந்தது, அந்தப் பெண் போன மாதமே வேலையை விட்டுவிட்டாளாம். பிறகு தலைவர் டத்தோவின் மைத்துனருக்கு ஒரு வாழ்த்துச் செய்தி அனுப்பி, அவர் திருப்பி அழைத்தால் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடலாம் என்று காத்திருந்தார். மைத்துனர் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டுப் போய்விட்டார். ஒரு கல்யாணத்தைப் பேசி முடிக்கக்கூட இத்தனை பேரை இழுத்திருக்க மாட்டார்கள்.

இதற்குள் அங்கிளுக்கு டயாலிசிஸ் முடிந்தது. கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, காலடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு, என் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மறுநாள் காலை ரயில். என் தோசைப் பொட்டலம் பிரிக்கப்படாமல் மேசையில் இருப்பதைப் பார்த்து, சாப்பிடுங்கள் மேடம், ஆறினால் நன்றாக இருக்காது என்றார். அது எப்போதோ ஆறிவிட்டது. தலைவர் அவர் பக்கத்தில் போய்த் தோளில் கை வைத்தார்.

"ஒரு நாள்தானே அண்ணே. தண்ணியைக் குறைச்சுக்கிட்டா சமாளிச்சுடலாம்லா," என்றார்.

அதைச் சொன்னபோது தலைவரின் கையில் ஒரு காகிதக் கோப்பை இருந்தது. அந்த மூன்று குழாயில் ஒன்றிலிருந்து பிடித்த குளிர்ந்த தண்ணீர். பாதி குடித்திருந்தார்.

எனக்குப் பொறுமை போனது அந்த இடத்தில்தான். யாரைப் பிடித்து டத்தோவை அடைவது என்று காலையிலிருந்து ஊரையே சுற்றினோமே, டத்தோவின் எண் அந்த அறையில் எங்கே திரும்பினாலும் இருந்தது. மின்விசிறியில் இருந்தது, நாற்காலியில் இருந்தது, என் மூக்குக்கு நேரே கணினியின் நெற்றியில் தங்க நிறத்தில் இருந்தது. கைப்பேசியை எடுத்து அந்த எண்ணை அழுத்தினேன். தலைவர் பதறிப்போய், அது வியாபாரத்துக்கான நம்பர் அம்மா, சும்மா போடுவது, யாரும் அழைக்க மாட்டார்கள் என்றார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். பின்னால் லோரி பின்னுக்கு வரும் சத்தமும் யாரோ மூட்டை எண்ணும் சத்தமும் கேட்டன. டத்தோவேதான். நான் இன்னார், கிள்ளான் டயாலிசிஸ் மையத்திலிருந்து பேசுகிறேன், உங்கள் கணினியில் ஒரு டிரைவர் நிறுவ வேண்டும், அதற்கு நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும், ஒருவருடைய உடம்பு விஷயம் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

"எந்தக் கம்ப்யூட்டர்?" என்றார் டத்தோ.

நேற்று ரிப்பன் கட்டிக் கொடுத்தீர்களே, அது என்றேன். ஓ, அதுவா என்றார். யாரையோ கூப்பிட்டு ஏதோ கேட்டார். அரை நிமிடத்தில் கடவுச்சொல் வந்தது. அதை இங்கே எழுத மாட்டேன், ஆனால் வெங்காயம் சம்பந்தப்பட்டது என்று மட்டும் சொல்லலாம்.

"இதுக்கு ஏன்மா இவ்வளோ நேரம்? காலையிலயே போன் பண்ணியிருக்கலாம்ல," என்றார். குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை, கொஞ்சம் ஆச்சரியம்தான் இருந்தது. பிறகு மரியாதைக்குக் கேட்டார், மற்ற பொருள்கள் எல்லாம் நன்றாக ஓடுகின்றனவா என்று.

தலைவர் எனக்கு எதிரே நின்று இரண்டு கையாலும் வேண்டாம், வேண்டாம் என்று சைகை காட்டினார். ஆரம்பித்த பிறகு எனக்கு நிறுத்தத் தெரியாது. தண்ணீர் இயந்திரம் பிரமாதமாக ஓடுகிறது டத்தோ, ஆனால் இங்கே இருப்பவர்கள் யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது என்றேன்.

"குடிக்கக் கூடாதா? எனக்கு யாரும் சொல்லலையே," என்றார் டத்தோ.

அவர் முகம் சுருங்கியதா என்று கைப்பேசியில் தெரியாது. அதை வேறு ஓர் இடத்துக்குக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டு, வெங்காயத்தைக் கவனிக்கப் போய்விட்டார். தலைவர் உட்கார்ந்துவிட்டார்.

கடவுச்சொல்லைப் போட்டேன். டிரைவரை இறக்கினேன். நிறுவப் போனால் அடுத்த வம்பு. இந்தக் கணினியில் ஏற்கெனவே அறுபத்து நான்கு பிட் குடும்பம் குடியிருக்கிறது, அதனால் முப்பத்திரண்டு இங்கே வரக் கூடாது, முதலில் அதை வெளியேற்று என்றது. சண்டை போட்ட சம்பந்திகள் ஒரே பந்தியில் உட்கார மறுப்பது மாதிரி. நல்ல வேளையாக இதற்கு ஒரு வழி எனக்குத் தெரியும். நிறுவும் கோப்பைச் சொடுக்காமல், கறுப்புத் திரையில் அதன் பெயரைத் தட்டி, பக்கத்தில் சத்தமில்லாமல் செய் என்று பொருள்படும் ஒரு கட்டளையைச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். கேள்வி கேட்டால் முடியாது என்று அடம்பிடிக்கும் அதே நிறுவி, கேட்காமல் செய்யச் சொன்னால் மறு பேச்சில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். இத்தனை பெரிய தடை எல்லாம் கேட்பவருக்கு மட்டும்தான். எங்கள் சங்கத்துக் கூட்டங்களில் பல வருடம் உட்கார்ந்த எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

புரோகிராம் திறந்தது. அங்கிளின் பெயரைத் தட்டினேன். எடைகள், அழுத்தங்கள், இரத்தப் பரிசோதனைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க ஆறிப்போன தோசையைப் பிரித்தேன். தாதி அச்சிட்டு, முத்திரை குத்தி, கைப்பேசியில் படம் எடுத்துச் சுங்கைப் பட்டாணிக்கு அனுப்பினார். ஐந்து மணிக்கு முன்பே பதில் வந்தது, சனிக்கிழமை காலை வரச் சொல்லி. அங்கிள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

எழுந்தவரைத் தலைவர் போக விடவில்லை. இதுவரை நாற்காலியில் வாடிக் கிடந்த மனிதருக்குத் திடீரென்று உயிர் வந்திருந்தது. கவ்வியைக் கழற்றி ரிப்பனைச் சரி செய்தார், அங்கிளிடம் ரிப்போர்ட்டைக் கொடுத்துக் கணினிக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார், தானும் நின்றார். தாதியைப் படம் எடுக்கச் சொன்னார். ரிப்பன் விழவேண்டும், ஸ்டிக்கர் தெளிவாக விழவேண்டும், கொஞ்சம் இந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம் என்று அவர் நகர்ந்துகொண்டே இருந்தார். நான் படத்தில் வர மறுத்துவிட்டேன். யாரும் வற்புறுத்தவும் இல்லை.

அன்று மாலை நான் ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தபோதே படம் மையத்தின் வாட்சாப் குழுவுக்கு வந்துவிட்டது. டத்தோவின் கணினி ஒரு தந்தையை மகளின் திருமணத்துக்கு அனுப்பி வைத்தது என்று கீழே பெரிதாக எழுதியிருந்தார்கள். சனிக்கிழமை டத்தோவின் மனைவி வந்து எடுத்த படமும் வந்தது. அடுத்த வாரம் தண்ணீர் இயந்திரம் ஒரு தமிழ்ப்பள்ளிக்குப் போனது. அதற்கும் ஒரு படம். பிள்ளைகள் குடிப்பார்கள், நல்ல விஷயம்தான். சொன்னபடி டயாலிசிஸ் இயந்திரமும் அடுத்த மாதம் வந்து சேர்ந்தது. கொண்டுவந்த ஆள், எங்கே வைக்க வேண்டும் என்று தாதியிடம் கேட்கச் சொல்லி டத்தோ அனுப்பியதாகச் சொன்னாராம். தலைவர் இதைத் தன் சாதுரியம் என்று இன்றுவரை கூட்டங்களில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கல்யாணம் முடிந்த செவ்வாய்க்கிழமை நான் கிள்ளானுக்குப் போயிருந்தேன். தகவல்களைப் பிரதி எடுக்கப் புது டிஸ்க் ஒன்றைப் பொருத்த வேண்டியிருந்தது. இந்த முறை அதன்மேல், இதை யாருக்கும் அன்பளிப்புச் செய்யாதீர்கள் என்று பெரிய எழுத்தில் நானே ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன். அங்கிள் மூன்றாவது நாற்காலியில் படுத்திருந்தார். எனக்காக ஒரு தாம்பூலப் பை எடுத்து வைத்திருந்தார். சனிக்கிழமை அங்கே எல்லாம் நல்லபடி நடந்ததாம், நலங்குக்கு உட்கார்ந்தாராம், ஞாயிறு காலை மனைவி தண்ணீர் ஊற்ற மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தாராம்.

வாட்சாப் படத்தைப் பார்த்தீர்களா அங்கிள் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாமோ என்று உடனே தோன்றியது. அந்தப் படத்தில் தலைவர் முழுசாக இருந்தார், கணினி முழுசாக இருந்தது, ரிப்பனும் ஸ்டிக்கரும் பளிச்சென்று இருந்தன. கல்யாணத்துக்குப் போகும் தந்தையின் முகம் படத்துக்கு வெளியே போய்விட்டது. ஓரத்தில் கட்டுப் போட்ட ஓர் இடது கை மட்டும் ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பார்த்தேன் என்றார். குழாய்கள் போய்க்கொண்டிருந்த கையை மெல்லத் தூக்கிக் காட்டினார்.

"கை என்னோடதுதான் மேடம். போதும்லா. தாரை வார்க்கறதுக்கு அதுதானே வேணும்."

தாதி வந்து, கையை ஆட்டாதீர்கள் அங்கிள் என்று அதட்டி, அதைப் பழையபடி தலையணைமேல் வைத்துவிட்டுப் போனார்.